இரைச்சலோடு போராடிய மேஜர் ஆர்ம்ஸ்ட்ராங்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, தலைவர்களைப் பற்றியும் கவிஞர்களைப் பற்றியும் எழுத நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் நம்ம சிலபஸுக்குள்ளேயே ஒரு ஆளைத் தேடிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் எல்லோருக்கும் சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர் பிளாக் டயகிராம் மனப்பாடம். மிக்சர், லோக்கல் ஆசிலேட்டர், ஐ.எஃப். ஆம்ப்ளிஃபையர், டிடெக்டர் என்று கட்டம் கட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, மார்க்கை வாங்கிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தக் கட்டங்களை முதலில் வரைந்த கை யாருடையது? அடுத்த பாடத்தில் வருகிற எஃப்.எம். யாருடையது? ஆசிலேட்டர் பாடத்தில் வருகிற பாசிட்டிவ் ஃபீட்பேக்? மூன்றுக்கும் ஒரே மனிதர்தான். பெயர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டில் மிக்ஸி போட்டால் ரேடியோ கர்ர் என்று கத்துகிறதே, மழை நாளில் மின்னல் வெட்டினால் பாட்டு நடுவில் படபடவென்று வெடிக்கிறதே, அந்தத் தொல்லையோடு வாழ்நாள் முழுக்கப் போராடிய மனிதர் இவர். அந்தத் தொல்லை எல்லா டிபார்ட்மென்டுக்கும் பொதுதானே!

மாடி அறைச் சிறுவன்

ஆர்ம்ஸ்ட்ராங் பிறந்தது 1890 டிசம்பர் 18 அன்று, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில். அப்பா புத்தகப் பதிப்பகத்தில் வேலை பார்த்தார். அம்மா ஆசிரியையாக இருந்தவர். எட்டு வயதில் கோரியா என்ற நரம்பு நோய் வந்தது. கை, தோள், முகம் எல்லாம் தன்னால் வெட்டி வெட்டி இழுக்கும். இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தார். நோய் போனாலும் அந்த வெட்டு இழுப்பு ஆயுள் முழுக்க அவரை விடவில்லை. மகனுடைய உடம்பை உத்தேசித்துக் குடும்பம் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள யாங்கர்ஸ் என்ற ஊருக்குக் குடிபோனது.

கூட்டத்தோடு விளையாடப் போகாத பையன், மாடி அறையில் ஒயரும் காயிலுமாக உட்கார்ந்துவிட்டான். மார்க்கோனியைப் பற்றிப் படித்துவிட்டு, பதினான்கு வயதிலேயே தானும் கண்டுபிடிப்பாளன் ஆவது என்று முடிவு செய்துகொண்டான். தொலைதூர சிக்னல் வேண்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயரத்துக்கு ஏரியல் கம்பம் நட்டான். அதில் தானே ஏறி இறங்கவும் செய்தான். உயரம் என்றால் அவருக்குக் கடைசி வரை பயமே கிடையாது.

1909-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் மைக்கேல் பூபின் அவருக்கு வாய்த்தது பெரிய பாக்கியம். கேள்வி கேட்கிற மாணவனைத் துரத்தாத ஆசிரியர்!

அப்போது லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் செய்த ஆடியான் என்ற மூன்று எலெக்ட்ரோடு வால்வு கையில் கிடைத்தது. வேலை செய்கிறது, ஆனால் எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நம்மாளு என்ன பண்ணினார்? பொறுமையாக அதன் ஒவ்வொரு கரண்டையும் அளந்து பார்த்தார். பிளேட்டில் வெளிவருகிற சிக்னலில் ஒரு பங்கைத் திரும்ப கிரிட்டுக்கே ஒத்த ஃபேஸில் கொடுத்தால், அது மறுபடி பெருக்கப்பட்டு, இன்னும் பெருக்கப்பட்டு, ஒரே வால்வில் பிரமாதமான ஆம்ப்ளிஃபிகேஷன் கிடைத்தது. 1912-ல் இதைச் செய்தபோது அவர் மாணவர். நம்மைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட.

பேடன்ட் எடுக்கப் பணம் வேண்டும். முதலில் டிகிரியை முடி, அப்புறம் பார்க்கலாம் என்று அப்பா கையை விரித்துவிட்டார். எந்த ஊர் அப்பாவும் அப்பாதான்! மாமா ஒருவர் நல்ல யோசனை சொன்னார். அதன்படி சர்க்யூட் படத்தை வரைந்து, 1913 ஜனவரி 31 அன்று ஒரு நோட்டரியிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்தார். இந்தத் தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசீவரே டிரான்ஸ்மிட்டர் ஆன கதை

இந்த ரீஜெனரேடிவ் சர்க்யூட்டுக்கு ஒரு சுபாவம் உண்டு. ஃபீட்பேக்கை ஒரு எல்லைக்கு மேல் திருகினால், சர்க்யூட் ரிசீவராக இருப்பதை விட்டுவிட்டு ஆசிலேட்டராக மாறிவிடும். வால்வு டிரான்ஸ்மிட்டர் பிறந்ததே இப்படித்தான். பெரிய வரம். ஆனால் கூடவே ஒரு தொல்லையும் வந்தது.

1920-களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ரேடியோ வந்தது. மலிவான செட்டுகள் பலவும் ரீஜெனரேடிவ் வகை. தூரத்து ஸ்டேஷன் பிடிக்க ஆசைப்பட்டு ஒருவர் குமிழியை அதிகம் திருகினால் போதும். அவருடைய செட் தன் ஏரியல் வழியாகவே அலையைப் பரப்ப ஆரம்பித்துவிடும். ஸ்டேஷன் அலையோடு அது மோதி, தெருவில் உள்ள மற்ற வீட்டு ரேடியோ எல்லாம் ஊய் ஊய் என்று விசிலடிக்கும். திருகியவருக்கோ தன்னால்தான் இந்தக் கூத்து என்று தெரியாது. ஏரியலுக்கும் டிடெக்டருக்கும் நடுவில் ஒரு ஆர்.எஃப். ஆம்ப்ளிஃபையர் கட்டத்தைச் சுவர் மாதிரி வைத்துத்தான் இந்தத் தொல்லையைக் குறைத்தார்கள்.

வீட்டுச் சாதனங்களுக்குள் நடக்கிற சண்டையின் அடிப்படை இங்கேயே இருக்கிறது. எனக்கு உபயோகமான சாதனம் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரைச்சல். இரைச்சல் என்று தனியாக ஒரு பூதம் கிடையாது. அது யாரோ ஒருவருடைய சாதனம் வேலை செய்கிற சத்தம். அதற்கு ஒரு வீட்டு விலாசமும் வந்து சேர ஒரு வழியும் உண்டு.

போர்க்களத்தில் ஒரு யோசனை

இந்த உண்மையை ஆர்ம்ஸ்ட்ராங் வேறு விதமாகவும் உபயோகித்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படையில் சேர்ந்து பாரிஸில் இருந்தார். குண்டு போட வரும் விமானங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி இருந்தது. விமான எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி அடிக்கும்போதெல்லாம் ரேடியோ அலை கிளம்புகிறதே, அதைப் பிடித்தால் விமானம் எங்கே என்று தெரியாதா என்று யோசித்தார். மற்றவர்களுக்கு இரைச்சலாகத் தெரிந்தது இவருக்குத் துப்பாகத் தெரிந்தது, பாருங்கள்!

அந்த அலையின் ஃப்ரீக்வென்சி மிக அதிகம். அன்றைய வால்வுகளால் அதைப் பெருக்க முடியாது. சரி, நம்மால் அங்கே ஏற முடியாவிட்டால் அதை இங்கே இறக்கிவிடுவோம் என்று, உள்ளேயே ஒரு ஆசிலேட்டர் வைத்து வருகிற சிக்னலோடு கலந்து, குறைந்த, மாறாத ஒரு ஃப்ரீக்வென்சிக்குக் கொண்டுவந்து பெருக்கினார். அதுதான் 1918-ல் பிறந்த சூப்பர்ஹெட்டரோடைன். விமானம் தேடும் வேலைக்கு அது வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனால் நம் கையில் உள்ள ஏ.எம். ரேடியோவின் 455 கிலோஹெர்ட்ஸ், எஃப்.எம். ரேடியோவின் 10.7 மெகாஹெர்ட்ஸ் ஐ.எஃப். எல்லாம் அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தான். ராணுவத்தில் கிடைத்த மேஜர் பட்டம் கடைசி வரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஊர் திரும்பியதும் பணம் கொட்டியது. வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி 1920-ல் பேடன்டுகளை வாங்கியது. 1922-ல் இன்னொரு சர்க்யூட்டை ஆர்.சி.ஏ. கம்பெனிக்கு விற்றபோது பணத்தோடு பங்குகளும் கிடைத்தன. ஆர்.சி.ஏ.வில் தனி மனிதராக மிக அதிகப் பங்கு அவரிடம்தான் இருந்தது. அந்தக் கம்பெனியின் டேவிட் சார்னாஃப் அவருக்கு நண்பர். சார்னாஃபின் செகரட்டரியாக இருந்த மேரியன் என்ற பெண்ணையே 1923 டிசம்பரில் திருமணம் செய்துகொண்டார். கல்யாணப் பரிசு என்ன தெரியுமா? கையில் தூக்கிச் செல்லக்கூடிய சூப்பர்ஹெட்டரோடைன் ரேடியோ! அவரே செய்தது.

இருபது வருட வழக்கு

இதற்கிடையில் ரீஜெனரேஷன் என்னுடையது என்று டி ஃபாரஸ்ட் வழக்குக்கு வந்துவிட்டார். ஒரே கண்டுபிடிப்புக்கு இருவர் உரிமை கோருவதற்கு அன்றைய அமெரிக்க பேடன்ட் சட்டத்தில் இருந்த பெயர் என்ன தெரியுமா? இன்டர்ஃபெரன்ஸ்! நம் பாடத்தில் வருகிற அதே சொல். ஆரம்பத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் பக்கம் ஜெயித்த வழக்கு, பிறகு திரும்பி, 1934-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் டி ஃபாரஸ்டுக்குச் சாதகமாக முடிந்தது.

ரேடியோ எஞ்சினியர்கள் சங்கம் தன்னுடைய முதல் மெடலை இந்தக் கண்டுபிடிப்புக்காக ஆர்ம்ஸ்ட்ராங்குக்குத்தான் கொடுத்திருந்தது. தீர்ப்பு வந்த பிறகு அதைத் திருப்பித் தர அவர் சங்கத்தின் மாநாட்டுக்குப் போனார். சங்கம் வாங்க மறுத்துவிட்டது. மெடல் உங்களுடையதுதான் என்று சொல்ல, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கோர்ட் ஒன்று சொன்னது. சோல்டரிங் அயர்ன் பிடித்த கைகள் வேறு சொன்னது.

ரயில்வே சிக்னலும் எஃப்.எம்.மும்

மாணவப் பருவத்திலிருந்தே ஆர்ம்ஸ்ட்ராங்கை உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. மின்னலாலும் மின் சாதனங்களாலும் ரேடியோவில் வருகிற படபடப்பை ஒழிக்க முடியாதா? பூபினும் அவரும் வருடக்கணக்கில் முயன்றார்கள். ஃபில்டர் போட்டால் இரைச்சலோடு பாட்டும் போய்விடும். டிரான்ஸ்மிட்டர் பவரைக் கூட்டினால் பக்கத்தில் உள்ளவருக்குச் சரி, தூரத்தில் உள்ளவருக்குப் பழைய கதைதான். இதை ஒழிக்கவே முடியாது, கூடவே வாழ்ந்துதான் ஆக வேண்டும் என்று பெரிய பெரிய நிபுணர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆர்ம்ஸ்ட்ராங் கேள்வியை மாற்றிப் போட்டார். இரைச்சலை எப்படி நசுக்குவது என்பதை விட்டுவிட்டு, இரைச்சல் அலையின் எந்தக் குணத்தைத் தொடுகிறது, எதைத் தொடுவதில்லை என்று பார்த்தார்.

ரயில்வே சிக்னலை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்தி சொல்வதாக வைத்துக்கொண்டால், பனியும் புழுதியும் அந்த வெளிச்சத்தையும் மங்க வைத்துச் செய்தியைக் கெடுத்துவிடும். ஏ.எம். அப்படித்தான். ஆனால் சிவப்பு, பச்சை என்று நிறத்தில் செய்தி சொன்னால்? பனியில் மங்கினாலும் சிவப்பு சிவப்புதான். எஃப்.எம். அதுதான். ஒலிக்கு ஏற்றபடி அலையின் ஆம்ப்ளிட்யூடு மாறுவதில்லை, ஃப்ரீக்வென்சிதான் மாறுகிறது. இரைச்சல் பெரும்பாலும் ஆம்ப்ளிட்யூடில்தான் கை வைக்கிறது. ரிசீவரில் லிமிட்டர் என்ற கட்டம் அலையின் தலையையும் காலையும் ஒரே மட்டமாக வெட்டிவிடும். இரைச்சலில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

எஃப்.எம். என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் 1922-ல் ஜான் கார்சன் என்ற கணித வல்லுநர், எஃப்.எம்.மால் அலைவரிசை அகலம் மிச்சமாகாது என்று நிரூபித்தார். நாம் படிக்கிற கார்சன் விதி அவர் பெயரில் உள்ளதுதான். கணக்கு சரி. அதைப் பார்த்து எஃப்.எம்.மே உதவாது என்று மற்றவர்கள் ஒதுங்கியதுதான் தவறு. ஆர்ம்ஸ்ட்ராங் அகலத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காமல், வேண்டுமென்றே தாராளமாக விரித்தார். அலையை எவ்வளவு அகலமாக ஆட விடுகிறோமோ அவ்வளவுக்கு இரைச்சல் அடங்கியது. பிற்காலத்தில் நிலைத்த அளவு இருபக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ்.

1933 டிசம்பர் 26 அன்று பேடன்டுகள் கிடைத்தன. 1934 ஜூன் மாதம், நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 85-வது மாடியில் ஆர்.சி.ஏ. இடம் கொடுக்க, சோதனை ஆரம்பமானது. ரிசீவர் சுமார் 70 மைல் தள்ளி. இடி மின்னல் நேரத்தில் ஏ.எம். முழுக்கப் படபடப்பில் மூழ்கியது, எஃப்.எம். தெளிவாகக் கேட்டது. 1935 நவம்பர் 5 அன்று எஞ்சினியர்கள் கூட்டத்தில், நண்பர் ஒருவரின் அமெச்சூர் ஸ்டேஷனிலிருந்து ஒலிபரப்பு நடத்திக் காட்டினார். டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற ஓசையும் காகிதத்தைக் கசக்குகிற ஓசையும் அப்படியே கேட்டன! பெரிய சங்கீதக் கச்சேரியைவிடத் தண்ணீர் ஓசைதான் கூடியிருந்தவர்களை வாயடைக்க வைத்தது. ஏனென்றால் ஏ.எம்.மில் அந்த மெல்லிய ஓசை இரைச்சலுக்குள் காணாமல் போயிருக்கும்.

நம்ம வீட்டு இரைச்சலுக்கு அவர் வழி

கதையை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு நம் ஊருக்கு வருவோம். இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கிற அவருடைய முறை, நமக்கு சர்வீஸ் வேலையில் தினமும் உதவும். எங்கள் தாத்தா இன்றும் மீடியம் வேவ் கேட்பவர். ஒருநாள் முதல், சாயங்காலம் ஆனால் ரேடியோ முழுக்க ஜ்ஜ்ஜ் என்று ஒரே இரைச்சல். செட் போயிடுச்சு, புதுசு வாங்கணும் என்று வீட்டில் பேச்சு. நான் லீவில் போனபோது செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ரேடியோவின் கரண்டு ஒயரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினேன். இரைச்சல் குறைந்தது, ஆனால் போகவில்லை. ஆக, பாதி மின்சார ஒயர் வழியாக, பாதி காற்று வழியாக வருகிறது. அடுத்து, பேட்டரி ரேடியோவை ஓட விட்டபடி, போர்டில் ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கினேன். முன் அறை சர்க்யூட்டை இறக்கியதும் இரைச்சல் டப்பென்று நின்றது. பிறகு அதை மட்டும் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு ஸ்விட்சாகப் பார்த்தேன். ரேடியோவையும் மெதுவாகச் சுற்றினேன். உள்ளே உள்ள ஃபெரைட் கம்பியின் முனை இரைச்சல் வருகிற திசையைப் பார்க்கும்போது சத்தம் மிகக் குறையும். ஆள் அகப்பட்டது. புதிதாக மாட்டிய விலை மலிவான ஒரு எல்.இ.டி. பல்பு! அதற்குள் இருக்கிற சின்ன ஸ்விட்சிங் சப்ளையில் ஃபில்டர் என்று பேருக்குக்கூட எதுவும் இல்லை. பல்பை மாற்றினேன், அவ்வளவுதான். தாத்தாவுக்குப் புது ரேடியோ செலவு மிச்சம்.

சத்தத்தைக் கேட்டே ஓரளவு ஆளைச் சொல்லிவிடலாம். மிக்ஸி, டிரில்லிங் மெஷின் என்றால் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். அது கார்பன் பிரஷ் தீப்பொறி. பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் ரீங்காரம், குமிழியைத் திருகினால் தன்மை மாறும். செல்போன் சார்ஜர் மாதிரி ஸ்விட்சிங் சப்ளை என்றால் டயலில் ஒரே சீரான இடைவெளியில் பல இடங்களில் வரும், ஹார்மோனிக்ஸ்தான் காரணம். ஃப்ரிட்ஜ் என்றால் தெர்மோஸ்டாட் போடும்போதும் விடும்போதும் ஒரே ஒரு டிக். பைக் என்றால் எஞ்சின் வேகத்தோடு டக டக. அதற்காகத்தான் பிளக் கேப்பிலேயே ரெசிஸ்டர் வைக்கிறார்கள்.

வைத்தியம்: முதலில் தள்ளி வை. அடுத்து, இரைச்சல் செய்கிற சாதனத்தின் ஒயரை அதன் அருகிலேயே ஃபெரைட் வளையத்தில் சில சுற்று சுற்று. எர்த் சரியா என்று பார். மெயின்ஸுக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் போட வேண்டி வந்தால் அதற்கென்றே உள்ள எக்ஸ்2 வகைதான் போட வேண்டும், கையில் கிடைத்ததை எல்லாம் போட்டால் தீப்பிடிக்கும். இரைச்சலை அது பிறக்கிற இடத்திலேயே தடுப்பதுதான் எப்போதும் மேல்.

சர்க்யூட்டால் தீராத இரைச்சல்

இனி சொல்லப் போவது சோகமான பகுதி. 1935-ல் ஆர்.சி.ஏ. தன் கட்டடத்திலிருந்து அவருடைய கருவிகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. டெலிவிஷன் சோதனைக்கு இடம் வேண்டும் என்றது காரணம். அந்தக் கம்பெனியின் வருமானம் ஏ.எம். ஒலிபரப்பில், எதிர்காலம் டெலிவிஷனில். நடுவில் புதிதாக ஒரு ரேடியோ முறை அதற்குத் தேவைப்படவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் மனம் தளரவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு, நியூஜெர்சியில் ஆல்பைன் என்ற இடத்தில் 400 அடிக்கு மேல் உயரமான கோபுரம் எழுப்பி, 1939-ல் எஃப்.எம். ஒலிபரப்பை முறையாக நடத்திக் காட்டினார். அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது. 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து டெலிவிஷன் ஆன்டெனாக்கள் போனபோது, சில ஸ்டேஷன்களுக்கு அதுதான் கை கொடுத்தது.

எஃப்.எம். பரவியது. 1940-ல் ஆர்.சி.ஏ. பத்து லட்சம் டாலர் மொத்தமாகத் தருகிறேன், ராயல்டி கிடையாது என்றது. மற்ற கம்பெனிகள் ராயல்டி தரும்போது இவர்களுக்கு மட்டும் என்ன சலுகை என்று அவர் மறுத்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும், தன் எஃப்.எம். பேடன்டுகளை அமெரிக்க ராணுவம் ராயல்டி இல்லாமல் உபயோகிக்க அனுமதித்தார். காசு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தவர் காசுக்காக மட்டும் பிடிக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

1945-ல் அடுத்த அடி. அதுவரை 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸில் இருந்த எஃப்.எம்.மை அமெரிக்க அரசின் எஃப்.சி.சி. ஆணையம் மேலே தூக்கி, இன்று நம் டயலில் உள்ள 88-க்கு மேல் கொண்டுபோய் வைத்தது. சொன்ன காரணம், வான மண்டலத்தில் எதிரொலித்து வரும் தூரத்து அலைகளால் இன்டர்ஃபெரன்ஸ் வரும் என்பது. ஆர்ம்ஸ்ட்ராங் அந்தக் கணிப்பை ஏற்கவில்லை. மக்கள் வாங்கி வைத்திருந்த லட்சக்கணக்கான செட்டுகளும், இருந்த டிரான்ஸ்மிட்டர்களும் உதவாமல் போயின. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

1948-ல் பேடன்ட் உரிமைக்காக ஆர்.சி.ஏ. மேல் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல்கள் கேள்வி மேல் கேள்வியாக வருடக்கணக்கில் இழுத்தார்கள். 1950-ல் முக்கிய பேடன்டுகளின் காலமும் முடிந்தது. சொத்து கரைந்தது. ஆராய்ச்சி செய்ய வேண்டிய மூளை, காலை முதல் இரவு வரை வழக்குக் காகிதங்களுக்குள் கிடந்தது. 1953 நவம்பரில், கடைசிக் காலத்துக்கென்று வைத்திருந்த பணத்தைக் கேட்டு மனைவியோடு தகராறு வந்து, கோபத்தில் அவர் கையில் அடித்தும் விட்டார். முப்பது வருடம் கூடவே நின்ற மேரியன் அம்மையார் தன் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார்.

தனியாக இருந்த அந்த மனிதர் 1954 ஜனவரி 31 இரவு தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 63. மாணவனாக நோட்டரியிடம் போய்த் தேதி வாங்கிய அதே ஜனவரி 31. நடுவில் சரியாக 41 வருடங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது என்ன? வழக்கை மேரியன் அம்மையார் கையில் எடுத்தார். 1954 டிசம்பரில் ஆர்.சி.ஏ. சுமார் பத்து லட்சம் டாலர் கொடுத்து சமாதானம் ஆனது. மற்ற கம்பெனிகளோடும் ஒவ்வொன்றாகப் போராடி, 1967-ல் கடைசி வழக்கையும் அந்த அம்மையார் ஜெயித்தார். ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஆக, ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னது சரிதான் என்று உலகம் ஒப்புக்கொண்டது. கேட்கத்தான் அவர் இல்லை.

நம் நாட்டில் 1977 ஜூலை 23 அன்று அகில இந்திய வானொலி முதன்முதலாக எஃப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியது சென்னையில்தான். இன்று பஸ்ஸில், டீக்கடையில், சலூனில் கேட்கிற ஒவ்வொரு எஃப்.எம். பாட்டிலும் அவர் இருக்கிறார்.

நண்பர்களே, இவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது மூன்று. ஒன்று, எதையும் அளந்து பார்த்துவிட்டு நம்புவது. இரண்டு, செய்த வேலையைத் தேதி போட்டு எழுதி வைப்பது. லேப் ரெக்கார்டைக் காப்பி அடிக்கிற நமக்கு இது கசக்கும், ஆனால் ஒரு தேதியிட்ட காகிதத்துக்காக இருபது வருடம் கோர்ட்டில் பேசியிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். சரியாக இருப்பது மட்டும் ஒரு மனிதனைக் காப்பாற்றிவிடாது. வானத்து மின்னலையே அடக்கியவருக்கு, தன் மனத்துக்குள் ஏறிய இரைச்சலை யாரிடமாவது சொல்லி இறக்கத் தெரியவில்லை. அந்தக் குளிர்கால இரவில் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் விடுதியிலும் அரியர், ஃபீஸ், வீட்டுக் கஷ்டம் என்று உள்ளுக்குள் இரைந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. வெளியே கேட்காது. வழக்கமாகச் சிரிக்கிறவன் நாலு நாளாகப் பேசவில்லை என்றால், போய் அவன் கட்டிலில் உட்காருங்கள். என்னடா, சாப்பிட்டியா என்று ஆரம்பித்தால் போதும். நீங்களே அந்த நிலையில் இருந்தால், நண்பனிடமோ, அண்ணன் அக்காவிடமோ, நம்பிக்கையான ஒரு சாரிடமோ, மேடத்திடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பரீட்சையில் அந்த பிளாக் டயகிராமை வரையும்போது, கட்டங்களை வரைந்த மனிதரையும் ஒரு நொடி நினைத்துக்கொள்வோம். அனைவரும் நல்ல மார்க்கோடு வெளியேற வாழ்த்துகள்.